கல்லீரல் தமனி: சிறிய குழாய், பெரிய பொறுப்பு

கல்லீரல் மாற்று அறுவை முடிந்த முதல் வாரத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருக்கும் உறவினர்களுக்கு ஒரு வாக்கியம் பழகிவிடுகிறது. காலைப் பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் வெளியே வந்து, “தமனியில் ஓட்டம் நன்றாக இருக்கிறது” என்று கூறிச் செல்கிறார். கேட்பவர்கள் நிம்மதி அடைகின்றனர். ஆயினும் ஓர் ஐயம் அவர்கள் மனத்தில் எஞ்சி நிற்கிறது. புதிய கல்லீரல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நோயாளி கண் விழித்துப் பேசுகிறார். அவ்வாறிருக்க, ஒரே ஓர் இரத்தக்குழாயைப் பற்றி மருத்துவர்களுக்கு நாள்தோறும் இத்தனை கவலை ஏன்?

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், மாமல்லபுரம் ஆகிய ஊர்களிலிருந்து வரும் குடும்பத்தினர் பலர் இக்கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்கின்றனர். கல்லீரல் புற்றுநோய்க்காகத் தொடை வழியே குழாய் செலுத்திச் சிகிச்சை பெறுவோரும், உறவினருக்குக் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வருவோரும் இதே குழாயைப் பற்றித்தான் மருத்துவரிடம் மீண்டும் மீண்டும் கேட்க நேர்கிறது. அவர்கள் அனைவருக்கும் பயன்படும் வகையில் கல்லீரல் தமனியைப் பற்றி இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு வயலுக்கு இரு வாய்க்கால்கள்

நம் உடலின் உறுப்புகளில் பெரும்பாலானவை இரத்தத்தை ஒரே வழியில்தான் பெறுகின்றன. இதயத்திலிருந்து புறப்படும் தமனி ஒன்று உறுப்புக்குள் நுழைந்து உயிர்வளி நிறைந்த இரத்தத்தைக் கொடுக்கிறது. பயன்பட்ட இரத்தத்தைச் சிரை வெளியே கொண்டு செல்கிறது. கல்லீரலுக்கோ உள்ளே வரும் வழிகள் இரண்டு.

நம் மாவட்டம் ஏரிகளால் பெயர் பெற்றது. கொளவாய் ஏரியையும் மதுராந்தகம் ஏரியையும் அறிந்தவர்களுக்கு இதனைப் பாசனத்தைக் கொண்டே விளக்கலாம். ஒரு வயலுக்கு இரண்டு வாய்க்கால்கள் வழியாக நீர் வருவதாகக் கொள்வோம். ஒன்று அகலமானது, மேலேயுள்ள பல வயல்களில் பாய்ந்து, அங்கிருந்து வண்டலையும் உரத்தையும் ஏந்திக்கொண்டு மெல்ல வருகிறது. மற்றொன்று குறுகலானது; ஏரியின் மதகிலிருந்து நேரே, விசையோடு வருகிறது.

அகலமான வாய்க்காலுக்கு ஒப்பானது வாயிற்சிரை. ‘போர்ட்டல் சிரை’ என்று மருத்துவர்கள் கூறுவது இதுவே. இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றில் பாய்ந்து திரும்பிய இரத்தத்தை இது கல்லீரலுக்குக் கொண்டுவருகிறது. நாம் உண்ட உணவின் சத்துகளும், விழுங்கிய மருந்துகளும், குடலிலிருந்து வரும் கழிவுப் பொருள்களும் இவ்வழியாகவே முதலில் கல்லீரலை அடைகின்றன. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாயிற்சிரையின் பங்காகும். ஆனால் அதில் உள்ள உயிர்வளியின் ஒரு பகுதியை மேலேயுள்ள உறுப்புகள் முன்னரே எடுத்துக்கொண்டுவிட்டன. அழுத்தமும் அதில் குறைவு.

குறுகலான வாய்க்காலுக்கு ஒப்பானது கல்லீரல் தமனி. ஓய்வில் இருக்கும் ஒருவரின் கல்லீரலுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் வருகிறது. அதில் தமனி கொடுப்பது நான்கில் ஒரு பங்கே. எனினும் அந்த ஒரு பங்கு இரத்தம், கல்லீரலுக்குத் தேவையான உயிர்வளியில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. அளவில் சிறியதாகிய ஓட்டம் பணியில் பெரியதாவது இதனால்தான்.

இவ்விரு ஓட்டங்களும் கல்லீரலுக்குள் நுண்ணிய இரத்தப் பைகளில் ஒன்றாகக் கலக்கின்றன. கல்லீரல் உயிரணுக்கள் அங்கே தமக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொள்கின்றன. பின்னர் இரத்தம் கல்லீரல் சிரைகள் வழியாக வெளியேறி இதயத்தை நோக்கிச் செல்கிறது.

இயற்கை இங்கே ஒரு பாதுகாப்பையும் செய்து வைத்துள்ளது. வாயிற்சிரையின் ஓட்டம் குறைந்தால் தமனி சற்று விரிந்து, தன் ஓட்டத்தைக் கூட்டிக்கொள்கிறது. கனடா நாட்டு உடலியல் அறிஞர் வெயின் லாட் 1981-ஆம் ஆண்டு இவ்வியல்பை விளக்கினார். ஆனால் இவ்வுதவி ஒருவழிப் பாதை. தமனியின் ஓட்டம் குறையும்போது வாயிற்சிரையால் தன் ஓட்டத்தைக் கூட்ட இயலாது. குடலிலிருந்து எவ்வளவு இரத்தம் திரும்புகிறதோ அவ்வளவே அதற்குக் கிடைக்கும்.

பெருந்தமனியிலிருந்து கல்லீரல் வரை

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, மார்பைக் கடந்து வயிற்றுக்குள் இறங்கியவுடன் முன்புறமாக ஒரு குட்டையான கிளையைத் தருகிறது. இதனை வயிற்றுத் தமனித் தண்டு என்கிறோம். ஓரிரு சென்டிமீட்டர் நீளமே உள்ள இத்தண்டு மூன்றாகப் பிரிகிறது. ஒன்று இரைப்பைக்கும், மற்றொன்று மண்ணீரலுக்கும், மூன்றாவது கல்லீரலை நோக்கியும் செல்கின்றன.

கல்லீரலை நோக்கிச் செல்லும் கிளை, வழியில் இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் கணையத்திற்கும் கிளைகளைக் கொடுத்துவிட்டு மேலே திரும்புகிறது. அதன்பின் வலம், இடம் என இரண்டாகப் பிரிந்து கல்லீரலுக்குள் நுழைகிறது. பித்தப்பைக்குச் செல்லும் சிறிய தமனி பெரும்பாலும் வலக் கிளையிலிருந்து புறப்படுகிறது.

அளவை எண்ணிப் பார்த்தால் இதன் நுட்பம் விளங்கும். வாயிற்சிரையின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். சுண்டுவிரலின் பருமனுக்கு அருகில் வரும். கல்லீரல் தமனி நான்கைந்து மில்லிமீட்டர்தான். அதன் வல, இடக் கிளைகள் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரை இருக்கும். எழுதுகோலின் உள்ளே இருக்கும் மைக்குழாயை ஒத்த அளவு அது.

தமனி, வாயிற்சிரை, பித்தநாளம் ஆகிய மூன்றும் ஒரே உறைக்குள் சேர்ந்து கல்லீரலுக்குள் செல்கின்றன. 1654-ஆம் ஆண்டு கல்லீரலைப் பற்றி நூல் எழுதிய இங்கிலாந்து மருத்துவர் பிரான்சிஸ் கிளிசனின் பெயரால் அவ்வுறை இன்றும் அழைக்கப்படுகிறது. மூன்றும் ஒன்றாகச் செல்வதால் அறுவை மருத்துவருக்கு ஒரு வசதி உண்டு. விபத்தில் கல்லீரல் கிழிந்து இரத்தம் பெருகும்போது, கல்லீரலுக்குக் கீழே இம்மூன்றும் சேர்ந்து வரும் இடத்தை விரல்களால் அழுத்திப் பிடித்தால் உள்ளே வரும் ஓட்டம் முழுவதும் நிற்கிறது. கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் 1908-இல் எழுதிய இம்முறை இன்றும் அறுவை அரங்குகளில் கையாளப்படுகிறது. அழுத்தும் நேரத்தை மருத்துவர்கள் நிமிடக் கணக்கில் அளந்து, இடையிடையே விடுவித்து, கல்லீரலைக் காக்கின்றனர்.

ஒருவருக்கு இருப்பதுபோல் மற்றொருவருக்கு இல்லை

மேலே கூறிய அமைப்பு பாடநூலில் உள்ளது. மனிதர்கள் எல்லாரும் பாடநூலைப் பின்பற்றிப் பிறப்பதில்லை. அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் நிக்கோலஸ் மிச்செல்ஸ் 200 உடல்களை ஆராய்ந்து 1966-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஏறத்தாழ 55 விழுக்காட்டினருக்கே பாடநூல் அமைப்பு இருந்தது. பின்னர் 1994-இல், கொடையாகப் பெறப்பட்ட 1,000 கல்லீரல்களை ஆராய்ந்த அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 76 விழுக்காட்டில் அவ்வமைப்பைக் கண்டனர். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்கேனும் கல்லீரல் தமனி வேறு வழியில் வருகிறது.

சிலருக்கு வலக் கிளை, வயிற்றுத் தமனித் தண்டிலிருந்து வராமல் குடலுக்குச் செல்லும் தமனியிலிருந்து புறப்பட்டு, வாயிற்சிரையின் பின்புறமாக மேலேறுகிறது. சிலருக்கு இடக் கிளை, இரைப்பைக்குச் செல்லும் தமனியிலிருந்து பிரிந்து வருகிறது. இவை நோய்கள் அல்ல, குறைபாடுகளும் அல்ல. இவ்வமைப்பு உடையவர் வாழ்நாள் முழுவதும் அதனை அறியாமலே நலமாக வாழலாம். அறுவை செய்பவருக்கு மட்டும் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவேதான், கல்லீரலின் ஒரு பகுதியைத் தம் உறவினருக்குக் கொடுக்க முன்வருபவருக்கு, இரத்தப் பரிசோதனைகள் சரியாக அமைந்த பின்னரும், இரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. “என் இரத்தப் பிரிவு பொருந்திவிட்டதே, இன்னும் ஏன் ஸ்கேன்?” என்று சிலர் கேட்பதுண்டு. கொடுக்கப்போகும் பகுதிக்கு எத்தனை தமனிகள் செல்கின்றன, அவை எங்கே பிரிகின்றன, அப்பகுதியைப் பிரித்தெடுத்த பின்னரும் கொடையாளரிடம் எஞ்சும் கல்லீரலுக்குத் தமனி குறைவின்றி இருக்குமா என்பவற்றை அந்த ஸ்கேனே காட்டுகிறது. தமனியின் அமைப்பு பொருந்தாத காரணத்தால் ஒருவரை மருத்துவர்கள் கொடையாளராக ஏற்க மறுப்பதும் உண்டு. அது அவரிடம் உள்ள குறையன்று. அவருடைய பாதுகாப்புக்கான முடிவு. தம்பிக்குக் கொடுக்க இயலவில்லையே என்று அக்காவோ, தந்தைக்குக் கொடுக்க இயலவில்லையே என்று மகனோ தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த ஸ்கேனுக்கு முன் சாய மருந்து ஒன்று நரம்பு வழியே செலுத்தப்படும். சிறுநீரகக் கோளாறு, முன்பு சாய மருந்தால் ஏற்பட்ட ஒவ்வாமை, சர்க்கரை நோய்க்கு எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை முன்னரே தெரிவியுங்கள்.

பித்தநாளங்களின் ஒரே துணை

நாள்தோறும் தமனியைப் பார்ப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

கல்லீரல் உயிரணுக்களுக்குத் தமனியும் வாயிற்சிரையும் ஆகிய இரு துணைகள் உள்ளன. ஒன்று தளர்ந்தால் மற்றொன்று ஓரளவேனும் தாங்கும். ஆனால் கல்லீரல் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டு செல்லும் பித்தநாளங்களின் நிலை வேறு. அந்நாளங்களின் சுவர்களைச் சுற்றி வலைபோல் படர்ந்துள்ள நுண்குழாய்களுக்கு இரத்தம் தமனியிலிருந்தே வருகிறது. வாயிற்சிரை அவற்றுக்கு உணவளிப்பதில்லை. தமனி அடைபட்டால் பித்தநாளங்கள் பட்டினி கிடக்கும். அவற்றின் சுவர்கள் நைந்து பித்தநீர் கசியலாம். பின்னர்ச் சுருங்கி அடைப்பு உண்டாகலாம். தேங்கிய பித்தநீரில் கிருமிகள் பெருகிச் சீழ்க்கட்டிகள் தோன்றலாம்.

இயல்பான உடலில் இத்தகைய ஆபத்து அரிது. பிறந்தது முதல் உடலில் இருக்கும் கல்லீரலுக்கு, உதரவிதானத்திலிருந்தும் சுற்றியுள்ள திசுக்களிலிருந்தும் நுண்ணிய துணைத் தமனிகள் பல உண்டு. முதன்மைத் தமனி அடைபட்டால் அவை மெல்ல விரிந்து உதவிக்கு வருகின்றன. ஊரிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு ஒரு வழி அடைபட்டால் உறவினர் வீடுகள் வழியாக வேறு வழி கிடைப்பதைப் போன்றது இது.

மாற்றிப் பொருத்தப்பட்ட கல்லீரலுக்கு அவ்வுறவுகள் இல்லை. ஓர் உடலிலிருந்து எடுக்கப்படும்போது துணைத் தமனிகள் அனைத்தும் அறுபட்டுவிடுகின்றன. புதிய உடலில் தையலால் இணைக்கப்பட்ட அந்த ஒரு தமனியே தொடக்க நாள்களில் அதற்கு எல்லாம். சுற்றியுள்ள திசுக்களிலிருந்து புதிய நுண்குழாய்கள் வளர்வதற்குக் காலம் தேவைப்படுகிறது. அதுவரை அத்தமனியில் ஓட்டம் தடைபடாமல் காப்பதே மருத்துவக் குழுவின் முதற்கடமை.

திருக்கழுக்குன்றத்திலிருந்து தொடங்கிய மாற்றம்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில், வேதகிரீசுவரர் மலையின் அடிவாரத்தில் உள்ளது திருக்கழுக்குன்றம். தமிழ்நாட்டின் உறுப்புக்கொடை வரலாற்றில் அவ்வூருக்குத் தனி இடம் உண்டு. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அவ்வூரைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் அசோகன், புஷ்பாஞ்சலி ஆகியோரின் மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் சிக்கினான். அப்போது அவனுக்கு வயது 15. சென்னையில் சிகிச்சை அளிக்கப்பட்டும் மூளைச்சாவு அடைந்ததாக அறிவிக்கப்பட்டபோது, பெற்றோர் இருவரும் அவனுடைய உறுப்புகளைக் கொடையாகக் கொடுத்தனர். போக்குவரத்துக் காவலர்கள் வழியை ஒழுங்குபடுத்த, அவனுடைய இதயம் சென்னையின் நெரிசல்மிக்க சாலைகளை 11 நிமிடங்களில் கடந்து, ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அவனுடைய கல்லீரல், சிறுநீரகங்கள், கண்கள் ஆகியனவும் பிறருக்கு உதவின.

மருத்துவர்களாகிய பெற்றோருக்கு மூளைச்சாவு என்பதன் பொருள் தெரியும். தெரிந்திருப்பதால் துயரம் குறைவதில்லை. அத்துயரத்தின் நடுவே அவர்கள் எடுத்த முடிவைச் செய்தித்தாள்களில் படித்த பல்லாயிரம் குடும்பங்கள் உறுப்புக்கொடையைப் பற்றி முதன்முறையாக வீட்டில் பேசின. மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்புகள் பெறுவதை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு அரசின் திட்டம் அதே ஆண்டில் செயல்படத் தொடங்கியது. பின்னர் 2014-இல் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைக்கப்பட்டது. உறுப்புக்கொடை அளித்தோரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. இன்று கல்லீரலுக்காகப் பதிவு செய்து காத்திருப்போருக்கு, அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், அவ்வாணையத்தின் பட்டியல் வழியாகவே உறுப்பு வந்து சேர்கிறது.

கொடையாளரின் உடலிலிருந்து கல்லீரலை எடுக்கும்போது தமனிக்கு அளிக்கப்படும் கவனத்தை உறவினர்கள் அறிவது நல்லது. அறுவை மருத்துவர் முதலில் வாயிற்சிரையின் பின்புறத்தையும், இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் இடையேயுள்ள மென்படலத்தையும் விரலால் தொட்டுப் பார்த்து, அங்கே வேறு தமனிகள் துடிக்கின்றனவா என்று அறிகிறார். அவ்வாறு இருப்பின் அவற்றையும் சேதமின்றிக் காக்க வேண்டும். பெருந்தமனியின் சுவரில் ஒரு சிறு வட்டத்தோடு தமனியைச் சேர்த்து எடுப்பது வழக்கம். குறுகிய குழாயின் வாயைத் தைப்பதைவிட அகன்ற வட்டத்தைத் தைப்பது பாதுகாப்பானது. பின்னர் கல்லீரல் குளிர்ந்த கரைசலால் கழுவப்பட்டு, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரப்படுகிறது. பன்னிரண்டு மணி நேரத்திற்குள், இயன்றவரை அதற்கும் முன்பாகவே, அதனைப் பொருத்திவிட முயல்கின்றனர்.

பொருத்தும் அறுவையில் பொதுவாக முதலில் வெளியேறும் சிரைகளும், அடுத்து வாயிற்சிரையும் இணைக்கப்படுகின்றன. வாயிற்சிரை திறக்கப்பட்டவுடன் வெளிறிக் கிடந்த கல்லீரல் செந்நிறம் பெறுகிறது. பார்ப்பவருக்கு அறுவை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் தமனி இணைக்கப்படும்வரை பித்தநாளங்களுக்கு இரத்தம் இல்லை. தமனியைத் தைத்து, அதில் துடிப்பை உறுதி செய்த பின்னரே பித்தநாளம் இணைக்கப்படுகிறது.

உயிருடன் உள்ள உறவினர் ஒருவர் கல்லீரலின் பகுதியைக் கொடுக்கும்போது பெருந்தமனியின் வட்டத்தை எடுக்க இயலாது. இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள கிளை மட்டுமே கிடைக்கும். ஜப்பானிய அறுவை வல்லுநர்கள் 1990-களின் தொடக்கத்தில் இதற்கு நுண்ணோக்கியைப் பயன்படுத்தத் தொடங்கினர். உருப்பெருக்கியின் கீழ், தலைமயிரைவிட மெல்லிய நூலால் ஒவ்வொரு தையலாக இத்தமனி இணைக்கப்படுகிறது. மாற்று அறுவை பல மணி நேரம் நீள்வதற்கு இத்தகைய நுண்பணியும் ஒரு காரணம்.

நாள்தோறும் டாப்ளர் ஏன்?

புதிதாகத் தைக்கப்பட்ட தமனிக்குள் இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்படுவதே மருத்துவர்கள் அஞ்சும் சிக்கல். இது எல்லாருக்கும் வருவதன்று. நூற்றில் சிலருக்கு மட்டுமே வருகிறது. தமனி மிகச் சிறியதாக இருப்பதால் குழந்தைகளுக்கு வாய்ப்பு சற்று அதிகம். வரும்போது பெரும்பாலும் முதல் மாதத்திற்குள் வருகிறது. தொடக்கத்தில் நோயாளிக்கு எந்தத் தொல்லையும் தெரியாமலிருக்கலாம் என்பதே இதன் இடர்ப்பாடு. காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வரும்வரை காத்திருந்தால் பித்தநாளங்கள் கெட்டுவிடக்கூடும்.

எனவேதான் அறிகுறி தோன்றும் முன்னரே தேடிப் பார்க்கிறோம். டாப்ளர் ஸ்கேன் என்பது ஒலி அலைகளைக் கொண்டு இரத்தத்தின் ஓட்டத்தைக் கேட்கும் முறை. ஊசி இல்லை; கதிர்வீச்சு இல்லை; வலி இல்லை. திரையில் தோன்றும் அலை வடிவத்தைக் கொண்டு தமனியில் இரத்தம் எவ்வளவு விசையுடன், எத்தகைய தடையுடன் செல்கிறது என்பதை மருத்துவர் கணிக்கிறார். ஐயம் எழுந்தால் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் திடீரென உயர்ந்தாலும் முதலில் தமனியையே பார்ப்போம்.

அடைப்பு தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால், மீண்டும் அறுவை செய்து உறைகட்டியை நீக்கித் தமனியைத் திரும்பத் தைக்கலாம். அல்லது தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பைத் திறக்கலாம். தாமதமானால் மற்றொரு கல்லீரலைப் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லாத நிலையும் வரலாம். ஒருவர் கொடுத்த உறுப்பு ஒரு சிறு உறைகட்டியால் வீணாகக் கூடாது. நள்ளிரவிலும் ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு மருத்துவர் உள்ளே செல்வதைக் கண்டால் பதற வேண்டாம். அது பெரும்பாலும் காவற்பணியே.

புற்றுநோய்க்கு எதிராக அதே தமனி

கல்லீரல் தமனியின் மற்றொரு பயன், அதனை அடைப்பதில் உள்ளது. இதுவரை தமனியை அடைபடாமல் காப்பதைப் பற்றிக் கூறிவிட்டு இப்போது இவ்வாறு சொல்வது முரணாகத் தோன்றலாம். விளக்கம் எளியது.

கல்லீரலில் தோன்றும் புற்றுக்கட்டி, கல்லீரலின் பிற பகுதிகளைப் போல் வாயிற்சிரையை நம்பி வாழ்வதில்லை. அது தன் இரத்தத்தில் பெரும்பகுதியைத் தமனியிலிருந்தே ஈர்த்துக்கொள்கிறது. பிரீடிஸ், யங் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1954-இல் இதனைத் தெளிவாகக் காட்டினர். கட்டிக்குச் செல்லும் தமனிக் கிளையை மட்டும் அடைத்தால் கட்டி பட்டினியால் நலியும். சுற்றியுள்ள கல்லீரல் வாயிற்சிரையின் துணையால் பிழைக்கும். இக்கருத்தின் அடிப்படையில் 1970-களின் இறுதியில் ஜப்பானில் ஒரு சிகிச்சை உருவாயிற்று. மருத்துவர்கள் சுருக்கமாக ‘டேஸ்’ என்று கூறுவது அதுவே.

இச்சிகிச்சையில் வயிற்றைத் திறப்பதில்லை. தொடையின் மேற்பகுதியிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் சிறு துளையிட்டு, கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைப் பெருந்தமனி வழியாகச் செலுத்துகின்றனர். வயிற்றுத் தமனித் தண்டு, கல்லீரல் தமனி, அதன் கிளை எனப் படிப்படியாகச் சென்று கட்டியின் வாயிலை அடைந்தவுடன் புற்றுநோய் மருந்தைச் செலுத்திக் கிளையை அடைக்கின்றனர். மருந்து கட்டியிலேயே தங்குவதால் உடலின் பிற பகுதிகளுக்குச் செல்லும் அளவு குறைகிறது.

வாயிற்சிரை அடைபட்டுள்ள நோயாளிகளுக்கு இச்சிகிச்சையை மருத்துவர்கள் தவிர்ப்பதும், மிகுந்த எச்சரிக்கையுடன் செய்வதும் எதனால் என்பது இப்போது விளங்கும். ஒரு வாய்க்கால் ஏற்கெனவே தூர்ந்திருக்கும்போது மற்றொன்றையும் அடைத்தால் வயல் காய்ந்துவிடும். ‘அடுத்த வீட்டுக்காரருக்குச் செய்தார்கள், எங்களுக்கு ஏன் செய்யவில்லை’ என்னும் கேள்விக்குப் பல வேளைகளில் இதுவே விடை.

சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் வலது வயிற்றில் வலி, மிதமான காய்ச்சல், குமட்டல், களைப்பு ஆகியவை இருக்கலாம். இவை எதிர்பார்க்கத்தக்கவை. காய்ச்சல் கடுமையானாலோ, கண்கள் மஞ்சளானாலோ, வயிறு வீங்கினாலோ, துளையிட்ட இடத்தில் இரத்தம் கசிந்தாலோ உடனே தெரிவிக்க வேண்டும்.

வீடு திரும்பியோர் கவனத்திற்கு

கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் பின்வருவனவற்றை நினைவில் கொள்க.

1. குறித்த நாளில் டாப்ளர், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். உடல் நலமாக இருப்பதாகத் தோன்றும்போதும் அவை தேவை.

2. இரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தால் அதனைத் தாமாக நிறுத்த வேண்டாம். பல் பிடுங்குவதற்கு முன்போ வேறு அறுவைக்கு முன்போ எங்களிடம் கேட்டறியுங்கள். மருந்து கொடுக்கப்படாதோர் தாமாகத் தொடங்கவும் வேண்டாம்.

3. காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சளாதல், சிறுநீர் கருமஞ்சளாதல், மலம் வெளிறுதல், வலது மேல்வயிற்றில் வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே தொடர்பு கொள்ளுங்கள். அருகிலுள்ள கடையில் மாத்திரை வாங்கிக் காத்திருக்க வேண்டாம்.

4. கடற்கரை வெயிலில் வேலை செய்வோர் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடர்ந்தால் உடல் வற்றி இரத்த ஓட்டம் குறையும், அழுத்தமும் வீழும். அந்நிலையில் உடனே வாருங்கள்.

5. புகைப்பழக்கம் தமனிகளைச் சுருக்கிக் கெடுக்கிறது. மாற்றுக் கல்லீரல் உடையவர்களுக்குத் தமனி அடைப்பின் வாய்ப்பை அது கூட்டுகிறது. மதுவும் முற்றிலும் விலக்கத்தக்கது.

6. நாட்டு மருந்து, இலைச்சாறு, ‘ஈரலைச் சுத்தம் செய்யும்’ பொடிகள் ஆகியவை உறுப்பு ஏற்புக்கான மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் மாற்றக்கூடும். கேட்காமல் எதையும் உட்கொள்ள வேண்டாம்.

7. கல்லீரல் மாற்று அறுவைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி பெற வழி உண்டு. குடும்ப அட்டையுடனும் காப்பீட்டு அட்டையுடனும் காப்பீட்டுப் பிரிவை அணுகுங்கள்.

காத்திருக்கும் அறையில் அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவர் “தமனியில் ஓட்டம் நன்றாக இருக்கிறது” என்று கூறினால், அதன் பொருள் இனி உங்களுக்குத் தெரியும்: பித்தநாளங்களுக்கு உணவு செல்கிறது, புதிய கல்லீரல் வேரூன்றுவதற்கு இன்னொரு நாள் கிடைத்துள்ளது. ஐயம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். தமனியின் படத்தை வரைந்து காட்டச் சொல்லுங்கள், வரைந்து காட்டுவோம். இயலுமாயின், உறுப்புக்கொடையைப் பற்றி இன்று இரவு வீட்டாரிடம் பேசுங்கள். 2008-இல் திருக்கழுக்குன்றத்துப் பெற்றோர் எடுத்த முடிவைப் போன்றதொரு முடிவை எங்கோ ஒரு குடும்பம் எடுத்ததால்தான், உங்கள் நோயாளிக்கு அந்தத் தமனி வந்து சேர்ந்திருக்கக்கூடும்.